காலில் கல் குத்தாத பௌர்ணமிகள்

என் சம்பந்தி தாண்டவராயனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாதியிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதியதையெல்லாம் நானும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிட்டு, ஜன்னல் வெயிலைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். எனக்கு அப்படி வரவில்லை. எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் என் இரண்டு பாதங்களும் செத்துப்போனதற்கு ஓர் ஆள் இருக்கிறார். அவர் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். இதே வியாதி வந்த இன்னொரு ஆணுக்கு அவர் அந்த மாத்திரையை விற்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். இதைப் படித்து அவர் மனம் நொந்தால் அது எனக்குக் கூடுதல் லாபம்.

நான் ஏழுமலை. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகப் பிரித்த மனைகளில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். அடுத்தவன் வரப்பை அளந்து இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்குவதே என் உத்தியோகம். கோபம் அந்த உத்தியோகத்தோடு வந்தது. ஓய்வு பெற்றபோது நிலம் அளக்கும் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன், கோபத்தைக் கொடுக்கவில்லை. மனைவி மல்லிகா. ஒரே மகள் ரேவதி. தாண்டவராயனின் மகனுக்குத்தான் அவளைக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார். ரேவதி மாமனார் வீட்டில் இருந்தபடியே கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருக்கிறாள்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் வீங்கும், ஒன்றுக்குப் போவது சிரமப்படும். எனக்கும் அப்படித்தான் என்று ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றைப் பார்த்தார்கள். அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடுகிற சரக்கு அது. அளவு ஏறினால் சந்தேகம். எனக்கு ஏறியிருந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்றார்கள். சுரப்பியைத் தாண்டி எங்கேயும் போகவில்லை என்றும் சொன்னார்கள். ஆண் ஹார்மோனை அடக்குவதற்கு ஓர் ஊசி, அதோடு கதிர்வீச்சு. பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் இருந்த ஒரு பெரிய மருத்துவமனையில் எல்லாம் நடந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

கதிர்வீச்சுக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பை நிறைந்திருந்தால்தான் கதிர் குடலில் அதிகம் படாது. அதனால் அந்தக் காத்திருக்கும் ஹாலில் என் வயது ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, தொடையை இறுக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம். யாராவது சிரிப்பு மூட்டினால் எல்லோருக்கும் ஆபத்து. பக்கத்தில் இருந்த ஒரு பாய் தினமும் என்னைப் பார்த்து, "ஜோக் கீக் சொல்லிடாதீங்க சார், ஜாஸ்தி நேரம் தாங்காது" என்பார். அந்த நாட்களில் எனக்குப் பெரிய பயம் இல்லை. மல்லிகா மிளகு ரசத்தை ஃபிளாஸ்க்கில் கொண்டு வருவாள். பில் வந்தால் என் கண்ணில் காட்டாமல் ரேவதி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வியாதி, மருந்து, வீடு என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாண்டவராயன் பார்க்க வந்தார். தாம்பூலத் தட்டில் பழம், வெற்றிலை, நடுவில் ஒரு வெள்ளை டப்பா. மாத்திரை டப்பாவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

"இன்னாங்க சம்பந்தி, இப்பிடி வத்திப் போயிட்டீங்க. இத சாப்புடுங்க. மினரல். ஜிங்க்கு, செலினியம், கால்சியம் எல்லாம் கலந்தது. நான்தான் இந்த ஜில்லாவுக்கே ஏஜென்ட்டு."

"டாக்டர் நெறைய மாத்திரை கொடுத்திருக்காரே."

"அது மருந்து. இது சத்து. நம்ம நெலத்தப் பாருங்க. நெல்லு நட்டு கொஞ்ச நாள்ல எலை துரு புடிச்சாப்புல ஆவுது. என்னா பண்றோம்? ஜிங்க் சல்பேட் போடுறோம். பச்சை புடிச்சிக்குது. மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுறோம். கொட்டை ரொம்புது. மண்ணுல வெளயுறத துன்ற ஒடம்பு தானே சம்பந்தி? மண்ணுக்கு ஒரு நியாயம், ஒடம்புக்கு ஒரு நியாயமா?"

கேட்பவனுக்கு மறுத்துப் பேச வாய் வராத பேச்சு அது. எங்கள் ஜில்லாவில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அதற்கு என்ன உரம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முப்பது வருடம் வயல் வரப்பில் நடந்த எனக்கும் அது சரியாகவே பட்டது. டப்பாவில் ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டிருந்தது. தாண்டவராயன் மூன்று சாப்பிடச் சொன்னார். "வியாதி வந்த வயலுக்கு டபுள் டோஸ் போடுவோமா இல்லியா? உங்களுக்கு வந்தது பெரிய வியாதி" என்றார்.

அது சரியாகப் படாமல் போயிருந்தாலும் சாப்பிட்டிருப்பேன். இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். பெண்ணைக் கொடுத்தவன் நான். சீர் செய்வது நாங்கள், வாங்கிக்கொள்வது அவர்கள், அதுதான் வழக்கம். பிள்ளையைப் பெற்றவர் தட்டு ஏந்திக்கொண்டு பெண் வீட்டுப் படியேறி வந்தால் அது பெரிய மரியாதை. தட்டில் இருப்பதை வேண்டாம் என்று சொன்னால் அது அன்று சாயங்காலமே என் மகள் தட்டில் விழும். தாண்டவராயனுக்கும் இது தெரியும். ஜில்லா முழுக்க அவர் முதலில் விற்றது தன் சொந்தக்காரர்களுக்குப் பெண் கொடுத்த வீடுகளில்தான் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. மருந்தைத்தானே கேட்டார்கள்? நான் சாப்பிட்டது சத்து. பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கியிருந்தது. ஹார்மோன் ஊசியும் கதிர்வீச்சும் இறக்கிய கணக்கு அது. தாண்டவராயன் அதையும் தன் டப்பா கணக்கில் எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்துப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். வேங்கிக்காலில் இருந்துகொண்டு கிரிவலம் போகாமல் இருக்க முடியாது. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர், செருப்பில்லாமல். சாலை ஓரத்துச் சரளைக்கல் குத்தும், தார் சுடும். பாதி வழிக்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் அண்ணாமலையாரைக் கூப்பிடுவது பக்தியினால் மட்டும் இல்லை. அந்தத் தடவை ஒரு கல்லும் குத்தவில்லை. பஞ்சு மேல் நடப்பதைப் போல் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதத்தில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறி ரத்தம் கட்டியிருந்தது. அது ஏறியதே எனக்குத் தெரியாது. மல்லிகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவன் கையில தாங்கி நடத்தியிருக்கான்ங்க உங்கள" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். இந்த ஊரில் இப்படி ஒன்றைச் சொன்னால் யாரும் டாக்டரைப் பார் என்று சொல்ல மாட்டார்கள், காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். இரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள்.

தாண்டவராயன் மட்டும் காலைக் கும்பிடவில்லை. போனை எடுத்து வந்து என்னைப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார். அடுத்த பௌர்ணமிக்குள் நோட்டீஸ் அடித்துவிட்டார். கிரிவலப் பாதையில் நான் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கும் படம். கீழே, "புற்றுநோயை வென்றார்! மலையைச் சுற்றினாலும் கால் வலிக்கவே இல்லை!" ஆஸ்ரமம் பக்கம் செங்கம் ரோட்டில் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, இலவச மோர் ஊற்றி, மோர் டம்ளரோடு என்னையும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் எமலிங்கத்தின் முன்னால் கை கூப்பிக் கண்ணை மூடினேன். மூடியதும் உடம்பு ஆடியது. முன்னும் பின்னும் ஆடி, வேரறுந்த வாழையைப் போல் சாய்ந்தேன். சுற்றி இருந்தவர்கள் "அரோகரா" என்று சத்தம் போட்டார்கள். அருள் வந்துவிட்டதாம். ஒரு பெண்மணி என் நெற்றியில் விபூதி பூசி, தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். மண்டையில் அடிபட்டுக் கிடந்தவன் என்ன சொல்வேன்? தை மாசம் என்றேன்.

ஆட்டோ வைத்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன், மறுபடி விழுந்தேன். அங்கே அரோகரா சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ரேவதி கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓடி வந்து, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். சிவப்பணு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. கிருமியை எதிர்க்கிற வெள்ளையணு இன்னும் மோசம். என்னைத் தனி அறையில் போட்டு, வருகிறவர்கள் முகமூடி போட வேண்டும் என்றார்கள். புற்றுநோய் எலும்பு மஜ்ஜைக்குள் போயிருக்குமோ என்று பயந்தார்கள். ரத்தம் ஊறுவது மஜ்ஜையில்தான். புற்றுநோய் அங்கே குடியேறினால் ரத்தம் குறையும். முதுகெலும்பில் இறங்கி நரம்பை அழுத்தினால் கால் மரத்துப் போகும். இரண்டும் எனக்கு இருந்தது. கேட்டவுடன் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. சுரப்பியைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள், ஆனால் உறிஞ்சுகிற நேரத்துக்கு அது உதவாது. உள்ளிருந்து ஒரு வேரைப் பிடுங்குகிற இழுப்பு. கத்தாமல் இருந்தேன் என்று எழுத ஆசை. கத்தினேன். முடிவு வருகிற வரைக்கும் மல்லிகா கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியுதாங்க?"

"தெரியுது."

ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் அது தெரியும். அப்படியும் தடவுவதை நிறுத்தவில்லை. அந்த நாட்களில் நான் அழுதது இதற்காகத்தான், செத்துப்போவோம் என்பதற்காக இல்லை.

ஸ்கேனிலும் மஜ்ஜையிலும் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அப்படியானால் இதெல்லாம் ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அப்போது ஒரு நரம்பு டாக்டரம்மா வந்தார். ரேவதி வயதுதான் இருக்கும். இசைக்கவை என்று ஒன்று வைத்திருந்தார். இரண்டு பல் உள்ள இரும்பு முள். தட்டினால் ரீங்காரம் போட்டு அதிரும். என்னைக் கண்ணை மூடச் சொல்லி அதன் காம்பைக் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிருதா சார்?" என்றார். எப்போது வைப்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் ஏற்கெனவே வைத்திருந்தார். கணுக்காலில் வைத்தார், இல்லை. முட்டிக்கு வந்தபோதுதான் லேசாக ஏதோ தெரிந்தது.

"டப்பால வர்ற எதாவது சாப்பிடறீங்களா? சத்து மாத்திரை, பவுடர், லேகியம்?"

அவர் மருந்தா என்று கேட்கவில்லை. சத்தா என்று கேட்டார். சரியான வார்த்தை போட்டுக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ரேவதி அறையை விட்டு வெளியே போய், மறுநாள் அந்த டப்பாவோடு வந்தாள்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"இதுல ஒரு மாத்திரைல இருக்கற ஜிங்க்கே ஜாஸ்தி. நீங்க மூணு போட்டிருக்கீங்க. ஜிங்க் அளவுக்கு மேல போனா குடல் செம்பைப் பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துக்குள்ள விடாது. ரத்தம் ஊறவும், தண்டுவட நரம்பு வேலை செய்யவும் கொஞ்சூண்டு செம்பு வேணும். உங்க உடம்புல அது சுத்தமா கம்மியாயிடுச்சு. அதான் ரத்தமும் இல்ல, காலும் இல்ல."

"புத்துநோய்க்கு நல்லதுன்னாங்களே?"

"நல்லதுன்னு யாரும் நிரூபிக்கல சார். புராஸ்டேட் கேன்சர் இருக்கறவங்க ஜிங்க், செலினியம் இதெல்லாம் அதிக டோஸ்ல எடுத்தா நோய் மோசமாகலாம்னு சந்தேகப்பட காரணம் இருக்கு. கால்சியம் நாங்களே கொடுக்கறோம், ஹார்மோன் ஊசி எலும்பைத் தேய்க்கும்னு. அது அளந்து கொடுக்கறது. அதுக்கு மேல நீங்களா இன்னொரு கால்சியம் சேத்தா எங்க கணக்கு தப்பும். சாப்பாட்டுல வர்றத நான் சொல்லல. கறி, பருப்பு, கடலை எல்லாம் சாப்பிடுங்க. டப்பாவ மட்டும் எங்ககிட்ட காட்டாம சாப்பிடாதீங்க."

"கால் திரும்பி வருமா?"

"ரத்தம் சீக்கிரம் ஏறிடும். நரம்பு எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. இதோட நிக்கலாம், கொஞ்சம் வரலாம்."

ரத்தக் குழாய் வழியாகச் செம்பு ஏற்றினார்கள். தாமிரச் சத்து என்று நான் சொன்னபோது, "சத்துன்னு சொல்லாதீங்க சார், எனக்கே பயமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. சில நாளில் வெள்ளையணு ஏறத் தொடங்கியது, முகமூடியை எடுத்தார்கள். கால் அப்படியேதான் இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகினேன். கண் பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இதைப் படிக்கிறவர் வீட்டில் இந்த வியாதி வந்த ஆண் யாராவது இருந்தால், அலமாரியில் இருக்கிற எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். சத்து, உணவு, மூலிகை, பிரசாதம், சம்பந்தி கொடுத்தது, எல்லாவற்றையும்.

ரேவதி கீழ்பென்னாத்தூர் போய் மாமனாரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. "ஆஸ்பத்திரிக்காரன் பில்லு போடணும்னா எது மேலயாவது பழி போடுவான்மா. பிள்ளைங்களுக்குப் பாடம் எடு, எனக்கு எடுக்காத" என்றாராம். மாமியார் மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த வாரமே தாண்டவராயன் ஆப்பிளோடும் விபூதியோடும் என்னைப் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லிகா காபி வாங்கப் போயிருந்தாள், அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏதோ கண் பட்டிருக்கு உங்களுக்கு. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. நானும்தான் உங்களாட்டம் மூணு போடுறேன். ஒண்ணும் ஆவலியே. சொல்லப்போனா எனக்கும் இப்ப ரெண்டு மாசமா கால் வலியே இல்ல சம்பந்தி. போன பௌர்ணமிக்குச் சுத்தினேன். கல்லு குத்துன ஞாபகமே இல்ல. காலு லேசா இருக்கு. பஞ்சாட்டம்."

அவர் பாதத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு பெரிய வெடிப்பு, சீழ் வைத்திருந்தது. அவர் அதைத் தரையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே பேசினார்.

அவருக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே நிறுத்தினால் அவர் கால் தப்பும். நான் சொல்லவில்லை. எனக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு நல்ல பசி எடுத்தது. அவர் கொண்டு வந்த ஆப்பிளை அவரையே நறுக்கித் தரச் சொல்லிச் சாப்பிட்டேன்.

"தொடர்ந்து சாப்புடுங்க சம்பந்தி" என்றேன்.

மல்லிகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "அவரும் மனுஷன்தாங்க. ரேவதிக்கு மாமனாரு. போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள். இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டாள். நான் அசையவில்லை. என் பாதத்தை அவள் தடவும்போதெல்லாம் எனக்கு வன்மம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ரேவதி வந்தாள். மல்லிகா அவளிடம் சொல்லியிருக்கிறாள். ரேவதி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தனியாச் சொன்னா மாமாவுக்கு ஏறாதுப்பா. ஏற்கெனவே ஏறல" என்றாள். "அவருக்குக் கஸ்டமருங்க முன்னாடிதான் ஏறும். பௌர்ணமி வருது. அவரே உங்களைப் பந்தலுக்குக் கூப்பிடச் சொன்னாரு. எழுந்து வந்துட்டாருன்னு காட்டணுமாம்."

"நீ அந்த வீட்டுல இருக்கணுமேம்மா."

"அந்த வீட்டுலதான் இருக்கேன். அவர் விழுந்தாலும் தூக்கறது நான்தான். இசைக்கவை வேணாம். என் போன் போதும்" என்றாள்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் செங்கம் ரோட்டில் பந்தலில் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை, அதற்குள் கூட்டம் தெரு கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. மைக் செட்டில் பாட்டுக்கு நடுநடுவே என் பெயரும் வந்தது. தாண்டவராயன் எனக்கு மாலை போட்டார். வாக்கரை எடுத்துப் பந்தலுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். நான் எல்லோருக்கும் வணக்கம் வைத்தேன். கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

செங்கம் பக்கத்துக்காரர் ஒருவர் மகனோடு வந்து நோட்டீசைப் பார்த்துவிட்டு நின்றார். மெலிந்த ஆள். குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அந்த புராஸ்டேட்டுதாங்க. ஊசி போட்டுட்டு வரேன். இது சாப்புடலாமா?" என்றார்.

தாண்டவராயன் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்து, என்னைக் காட்டினார். "என்னைய ஏங்க கேக்கறீங்க? சாப்புட்டவரு தோ உக்காந்திருக்காரு. கேளுங்க."

"கேளுங்க" என்றேன் நானும். "நாங்க ரெண்டு பேருமே சாப்பிட்டோம். ரெண்டு பேருக்குமே காலு வலிக்கல. சம்பந்தி, நீங்க உக்காருங்க, இவருக்குக் காட்டிடலாம். அந்தக் காலை இப்படி வாளி மேல வைங்க."

காலியான மோர் வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தார். நாலைந்து பேர் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள், பிறகு பத்துப் பதினைந்து பேர். ரேவதி குனிந்து தன் போனை அவர் கட்டைவிரல் நகத்தின் மேல் நிறுத்திப் பிடித்தாள். சத்தம் இல்லாமல் அதிர மட்டும் வைத்திருந்தாள், மைக் செட் பாட்டில் அந்த உறுமலும் கேட்காது.

"கண்ணை மூடிக்குங்க மாமா. அப்பா இந்த போனுக்குக் கால் பண்ணுவாரு. விரல்ல அதிர்றது தெரிஞ்சதும் கை தூக்குங்க. அவ்வளவுதான்."

"இது இன்னா பெரிய சோதனை. செய்யுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் என் போனில் அழைத்தேன். ரேவதியின் போன் அதிர்ந்தது. அவள் கை விரல்களும் சேர்ந்து நடுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். தாண்டவராயன் கையைத் தூக்கவில்லை. அது அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். இந்தத் தடவை ரேவதி கையை எடுத்துவிட்டாள். போன் நகத்தின் மேல் துடித்துத் துடித்து, பாதத்தின் மேல் சரிந்து, வெடிப்பில் உரசி, தரையில் விழுந்து அங்கேயும் துடித்தது. செங்கத்துக்காரர் கையிலிருந்த டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். நோட்டீஸ் வாங்கிய இரண்டு பேர் அதை மடித்துக் கீழே போட்டார்கள்.

தாண்டவராயன் கண்ணை மூடியபடி, முகத்தில் சிரிப்பு மாறாமல், கையைத் தூக்கத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போடுங்க சம்பந்தி. ஜனங்க காத்துனு இருக்காங்க. ஏன் இன்னும் போடல?"

ரேவதி என்னைப் பார்த்தாள். கண்ணைத் திறக்கச் சொல்ல எனக்கு ஒரு அவசரமும் இல்லை.